பசித்திருக்க வேண்டிய செடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யைச் சொன்னவன் சென்னகிருஷ்ணன். பாகலூர் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் சூப்பர்வைசர். வருஷம் 2006.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘ஓசூரின் குளிர்ந்த காலையில், பூச்சி தின்னும் அந்தச் செடி ஒரு மர்மப் பெண்ணைப்போல...’

[சே! செடி செடியாகத்தான் இருந்தது.]

2

இரண்டு சாதியைக் கலந்து உண்டாக்கிய குடுவைச் செடி அது. இலை நுனியில் மூடி போட்ட குடுவை தொங்கும். உள்ளே விழும் பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. முதலாளி அதை ஆபீஸ் ரூம் சன்னலோரம் வைத்துவிட்டு மூன்று மாதம் வெளிநாடு கிளம்பினார்.

“மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்க. உரம் கிரம் கூடாது.”

அங்கே கூட்டிப் பெருக்கும் கெம்பம்மா, கூரையில் வழிந்ததைக் குடத்தில் பிடித்து வைத்து தினமும் ஊற்றினாள். [தினமுமா? ஆமாம். ‘அவ்வப்போது’ என்று குறைத்து எழுத எனக்கு ஆசையாக இருந்தது.]

சென்னகிருஷ்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. பதினோரு வருஷம் ரோஜாவுக்கு ஊட்டிய கை! பட்டினி போட்டு ஒரு செடியை வளர்ப்பார்களா என்று, ரோஜாவுக்குப் போகிற ‘ஆல் நைன்டீன்’ உரத்தண்ணீரை வாரம் ஒரு மக் ஊற்றினான்.

“வேணாம் சாமி, உரம் கூடாதுன்னு சாரு சொன்னாரே,” என்றாள் கெம்பம்மா.

“எனக்குத் தெரியாததா? நீ போயி உன் வேலையப் பாரும்மா.”

இலைகள் தளதளவென்று வந்தன. குடுவைகள் ஒவ்வொன்றாகக் கருகின, புதிதாக ஒன்றும் விடவில்லை. வயிறு நிறைந்த செடி எதற்குப் பாத்திரம் ஏந்த வேண்டும்? [நல்ல வாக்கியம். இந்த இடத்தில் எனக்கு நல்ல வாக்கியம் வருவதே கேவலமாக இருக்கிறது.]

3

முதலாளி திரும்பி வந்தார். “யாரு என்ன ஊத்துனது இதுல?”

“கெம்பம்மாதான் சார் தினம் ஊத்துவா. தரை கழுவுன தண்ணியோ என்னவோ.”

முதல் பாதி உண்மை. அதனால்தான் பொய் நின்றது.

“நானு மழத்தண்ணிதானே ஊத்துனேன், சாமி?” அவள் முதலாளியிடம் கேட்கவில்லை, இவனிடம் கேட்டாள். இவன் சன்னலைப் பார்த்தான். அன்றோடு அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

4

முடிவு ஒன்று: சென்னகிருஷ்ணன் முதலாளியிடம் போய் உண்மையை ஒப்புக்கொள்கிறான். [எங்கே ஒப்புக்கொண்டான்!]

முடிவு இரண்டு: கெம்பம்மா அவனை மன்னிக்கிறாள். [எழுதிப் பார்த்தேன், கண்ணீர்கூட வந்தது. அடித்துவிட்டேன். அவள் வாயில் அதைப் போட நான் யார்?]

நடந்தது: அடுத்த வருஷம், குந்தாரப்பள்ளிச் சந்தை. கொத்தமல்லிக் கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தவள் இவனைப் பார்த்துவிட்டாள்.

“செடி நல்லாயிருக்கா சாமி? இப்ப மழத்தண்ணி யாரு புடிக்கறாங்க?”

உரத்தை நிறுத்தியதும் செடி மறுபடி குடுவை விட்டிருந்தது. “நல்லாயிருக்கும்மா,” என்றான். பிறகு, “கெம்பம்மா, அன்னிக்கு...”

5

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. ‘அவன்’ என்று எழுதினாலாவது முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. சென்னகிருஷ்ணன் நான்தான்.

அவள் ஒரு கட்டுக் கொத்தமல்லியை என் பையில் வைத்தாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். “அன்னிக்கு...” என்றதும் நிமிர்ந்தவள், இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.