அடியில் ஒரு வளையம்

எல்டன் தோட்டா கட்டும் நாட்களில் எங்கள் கொட்டகைக்குள் யாரும் பெருமூச்சுகூட விடக்கூடாது. வெடிமருந்து அளக்கிற தராசு ஆடிவிடுமாம். சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வருவது, தேய்த்துக் கழுவுவது, நீண்டுபோன வாயை அளவுக்குச் சீவுவது எல்லாம் என் வேலை. அச்சில் விட்டுச் சுருக்கி, மருந்து போட்டு, குண்டு பதிக்கிற கௌரவமான வேலை அவனுடையது. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான்.

இந்த வருஷம் சீவும்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. சுடச் சுடக் கூடு கொஞ்சம் நீளும், அது வழக்கம். ஆனால் இந்தத் தடவை பித்தளைத் தூள் மேசையில் குவிந்து கிடந்தது. வாய்ப்பக்கம் இவ்வளவு நீளுகிறதென்றால் அந்தப் பித்தளை எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே. ஒரு கூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடிக்குச் சற்று மேலே, சுற்றிலும், மெல்லிய வளையம் ஒன்று பளபளத்தது.

எல்டனுடைய வேட்டைக் கூட்டாளி ரஸ் அன்றைக்கு அங்கேதான் இருந்தான். எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டு, எங்களுக்கே புத்தி சொல்வதற்கென்று பிறந்தவன்.

"எல்டன், இந்தக் கூடெல்லாம் அடியில பிஞ்சுடப் போவுது," என்றேன்.

"அது அச்சு உரசின தடம், லோர்னா. வெளியில மட்டும்தான் இருக்கும்."

"உள்ள இருக்கா இல்லையான்னு பாத்துட்டாப் போச்சு."

பேப்பர் கிளிப்பு ஒன்றை நிமிர்த்தி, முனையை மட்டும் மடக்கி, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு உரசி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்த முனை, வளையத்துக்கு நேராக ஒரு பள்ளத்தில் மாட்டி நின்றது. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் மாட்டியது.

"புது அச்சை ரொம்ப எறக்கி முடுக்கிட்ட. கூடு குறுகற அந்தத் தோளை அளவுக்கு மேல பின்னால தள்ளுது. துப்பாக்கிக்குள்ள லொடலொடன்னு நிக்குது, சுடறப்பல்லாம் இழுபடுது. இழுபட்டு மெலிஞ்ச எடம் இதுதான். நீயே விட்டுப் பாரு."

கம்பியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ரஸ் சிரித்தான்.

"டாக்டரம்மா கம்பி விட்டுப் பாத்துட்டாங்கடா. ஃபீஸ் எவ்வளவுன்னு கேளு. பேசாம இந்த வருஷம் மானை அவங்க சுடட்டும். நீ வீட்டுல ரொட்டி சுடு."

எல்டனுக்குக் காது சிவந்தது. அவனும் சிரித்தான், ஆனால் ரஸ்ஸைப் பார்த்துத்தான் சிரித்தான்.

"அச்சோட வந்த தாள்ல என்ன போட்டிருக்கோ அப்படித்தான் முடுக்கியிருக்கேன். நீ போய் அடுப்பைப் பாரு."

"எல்லாத்தையும் தூக்கிப் போடு. புதுக் கூடு வாங்கிக் கட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பிய காலையில், குதிரை சேடியின் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டேன். "புதுக் கூடுதானே?"

"ம்," என்றான் எல்டன்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. புருஷன் 'ம்' என்றால் நம்பாமல் என்ன செய்வது.

சேடி என் குதிரை. பிறந்த வாரமே தாய் செத்துப்போய், நான் பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்தவள். என் சட்டைப் பையில் மூக்கை நுழைக்காமல் நகரமாட்டாள். வேட்டை அனுமதிச் சீட்டு எல்டனுக்கு மட்டும் கிடைத்திருந்ததால் அவன் துப்பாக்கி ஒன்றைத்தான் நாங்கள் இரண்டு பேரும் கொண்டுபோனோம்.

மேல் கணவாய்க்குக் கீழே ஒரு கல்சரிவு உண்டு. ராத்திரி பெய்த பனி அதன்மேல் உறைந்திருந்தது. நான் கயிற்றைப் பிடித்து முன்னால் போனேன். பின்னால் கற்கள் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினால், சேடி மூட்டையோடு சரிந்துகொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கி ஒடிந்தது. எலும்பு வெளியே வந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், விழுந்தாள், மறுபடியும் எழப் பார்த்தாள்.

இதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. கால் ஒடிந்த குதிரையைச் சுட்டுவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் சட்டென்று போய்விட வேண்டும்.

"நீ அந்தப் பக்கம் போ," என்றான் எல்டன்.

"மாட்டேன். தலையை நான் பிடிச்சுக்கறேன்."

"பக்கத்துல நிக்காத. ஒதுங்கு."

ஒதுங்கினேன். நான் கையை எடுத்ததும் சேடி என்னைத் தேடித் தலையைத் திருப்பினாள். அதே நொடியில் வெடித்தது. குண்டு நெற்றிக்குப் போகாமல் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது.

"இன்னொண்ணு, சீக்கிரம்," என்றேன்.

காலிக் கூட்டை வெளியே தள்ளுகிற போல்ட்டை எல்டன் இழுத்தான். வெளியே வந்து விழுந்தது முழுக் கூடு இல்லை. விரல் நகம் உயரத்துக்கு வெறும் அடித்துண்டு. மிச்சம் துப்பாக்கிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அடுத்த தோட்டா பாதி வழிகூடப் போகவில்லை. அவன் உள்ளங்கையால் போல்ட்டை அடித்தான், குழாய்க்குள் குச்சியை விட்டுக் குத்தினான், குச்சி முறிந்தது. அறுந்த கூட்டை இழுத்தெடுக்கிற கொக்கி வீட்டு மேசையில் இருந்தது.

சேடிக்குக் கனைக்க வாய் இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

"கத்தியைக் குடு," என்றேன்.

"லோர்னா, இரு, இன்னொரு தடவை..."

"குடுறா."

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நிலையிலும் மூக்கை என் சட்டைப் பையில் முட்டினாள். நான்தான் அறுத்தேன். சட்டென்று முடியவில்லை. குதிரையின் உடம்பில் ரத்தம் நிறைய. வெதுவெதுப்பாக என் முட்டிவரை நனைத்தது. அவள் கண் என்னை விட்டு அகலவேயில்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், கால்கள் அடங்கும் வரைக்கும்.

பிறகு பனியில் கிடந்த அந்த அடித்துண்டை எடுத்துப் பார்த்தேன். அறுந்த ஓரம் பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. பழைய கூடு.

"புதுசுன்னு சொன்னியே."

எல்டன் துப்பாக்கியைப் பார்த்தபடி நின்றான்.

"நீ உள்ள போனப்புறம் நானும் கிளிப்பை விட்டுப் பாத்தேன்," என்றான்.

"பாத்து?"

"மாட்டுச்சு. எல்லாத்துலயும் மாட்டுச்சு."

"தெரிஞ்சுமா கட்டின?"

கையிலிருந்த முறிந்த குச்சியைக் கீழே போட்டான். சின்னப் பையன் மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"ரஸ் பாத்துக்கிட்டு இருந்தான்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வந்திருந்தால் அவனோடு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறதென்று அர்த்தம். வந்தது அருவருப்பு. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

சேடியின் சேணத்தை அவிழ்த்தேன். எல்டன் தூக்கிக்கொள்ள வந்தான்.

"தொடாத," என்றேன்.

கனமான சேணம். கீழே வண்டி நிற்கும் இடம்வரைக்கும் நானே சுமந்தேன். அவன் பின்னால் வந்துகொண்டிருந்தான். வழுக்குகிற இடங்களில் ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டே வந்தான்.