தாழ்ப்பாள் வைத்த துப்பாக்கி

மேடவாக்கத்தில் சரிதா நடத்திய பிரௌசிங் சென்டரில், கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எதிர்ச் சுவரில் ஒரு தாள் கண்ணில் படும். 'எழுத வருகிறவர்களுக்கான விதிகள்' என்று தலைப்பு. ஒட்டியவர் கேசவன். தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்.

விஷயம் இதுதான். சினிமாவில் வருகிற துப்பாக்கிகளையெல்லாம் பட்டியல் போடுகிற ஒரு வெப்சைட் இருந்தது. எந்தப் படம், எந்தக் காட்சி, யார் கையில், என்ன ரகம் என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். இரண்டாயிரத்து எட்டில் கேசவன் அதில் போய் விழுந்தார். தமிழ்ப் படங்களை அங்கே சீந்துவாரில்லை என்று கண்டு, பழைய சிடிகளை வாங்கிப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, படம் படமாக எழுதினார். நம் ஆட்களும் வரட்டுமே என்று அந்த சைட்டின் விதிகளைத் தமிழாக்கி, சரிதாவின் சுவரில் ஒட்டினார்.

'தெரிந்ததை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். யூகம் வேண்டாம். இல்லாத அனுபவத்தைச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அடுத்தவர் எழுதியதை அழிக்குமுன் அவரிடம் காரணம் கேளுங்கள்.'

அடியில் பெரிய எழுத்தில்: 'தமிழாக்கம்: கேசவன், என்.சி.சி.யில் ரைஃபிள் சுட்டவர்.'

அத்தனை விதியையும் ஒரே மாதத்தில் மீறினவரும் அவரேதான்.

எண்பத்தாறில் வந்து பத்து நாள்கூட ஓடாத போலீஸ் படம் ஒன்று. அதில் கோவளம் கடற்கரையில் ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு ஓடி வந்து, மண்டிபோட்டுக் குறிபார்க்கிறார். நாலே விநாடி. கேசவன் அங்கே நிறுத்தி, அந்தக் காட்சியைப் படமாக எடுத்துப் போட்டுக் கீழே எழுதினார்: 'த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட் வழக்கமானதில்லை. குட்டையான கைப்பிடி, தட்டையான தகட்டின்மேல் இருக்கிறது. இந்தியாவில் மாற்றிச் செய்யப்பட்ட அரிய ரகம்.' அத்தோடு விட்டாரா? 'என்.சி.சி.யில் இதே ரகத்தால் சுட்டிருக்கிறேன்' என்று ஒரு வரியையும் சேர்த்தார்.

அந்த வரிதான் எடுபட்டது. கனடாக்காரர் ஒருவர், நார்வேக்காரர் ஒருவர், பாராட்டு மேல் பாராட்டு. இந்தியப் படங்களுக்கு அவரையே மேற்பார்வையாளராகப் போட்டுவிட்டார்கள். யார் எழுதியதையும் அழிக்கலாம்; யாரையும் உள்ளே வரவிடாமல் தடுக்கலாம். அங்கே அவர் பெயர் கேசவன்கூட இல்லை, 'ரைஃபிள்மேன்'. ஆபீசில் மைசூர்பாகு கொடுத்தார்.

மைசூர்பாகு தீருமுன் வந்தது வினை. அந்தக் காட்சிக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக யாரோ தட்டியிருந்தார்கள்: 'இது நிஜத் துப்பாக்கி இல்ல. மரம். அந்த போல்ட்டு கதவுத் தாப்பா. துப்பாக்கி எங்க வூட்ல கீது. புடிச்சிகினு ஓடறது எங்க அண்ணன் கோதண்டம். பேர் போடவும்.'

கேசவன் அழித்தார். மறுநாள் அதே வரிகள். மறுபடி அழித்தார். மூன்றாம் தடவை வந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

'துப்பாக்கி உங்கள் வீட்டில் இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுங்கள். நான் இதைப் பிடித்துச் சுட்டவன். கட்டைக்கும் ரைஃபிளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு இது இடமில்லை.' தட்டிவிட்டு, அந்த ஆளைத் தடுத்தும் விட்டார்.

காபியோடு பின்னால் வந்து நின்ற மனைவி மஹாலட்சுமி திரையைப் படித்துவிட்டாள்.

"யாரு சுட்டது?"

"என்.சி.சி.ல..."

"நீங்களா? ஃபயரிங் அன்னிக்கு ஜுரம்னு போர்த்திப் படுத்துட்டேன்னு கல்யாணமான புதுசுல நீங்கதானே சொன்னீங்க? பரேடுக்குக் குடுத்ததுகூட மரக்கட்டைதான்னு சிரிச்சீங்களே!"

"அதையெல்லாம் இங்க எழுத முடியுமா?"

"சுட்டேன்னு மட்டும் எழுத முடியுதாக்கும். தீபாவளிக்கு ஊசிப்பட்டாசு வெடிச்சாலே பாத்ரூம்ல போய் நிக்கற ஆளு!"

"காபிய வச்சுட்டுப் போ."

வைத்தாள். கதவருகே போய்த் திரும்பினாள். "பாவம், அண்ணன் பேரைப் போடுன்னுதானே கேட்டிருக்கான். போட்டா என்ன குறைஞ்சிடும்?"

காபி ஆறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எதற்கோ பிரிண்ட் எடுக்க சரிதாவின் கடைக்குப் போனார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணி லாரி சொட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஸ்டூலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர். மடியில், லுங்கியில் சுற்றிய நீளமான மூட்டை.

"நல்லவேளை வந்தீங்க சார்," என்றாள் சரிதா. "கதிரேசன் அண்ணா, இவர்தான் நான் சொன்ன சார். சுவத்துல பேப்பர் ஒட்டினவர்."

கதிரேசன் சட்டென்று எழுந்து நின்றார். "வணக்கம் சார். நமக்குக் கோவளம். கடலுக்குப் போறத வுட்டுட்டு லாரி ஓட்டிகினு கீறேன். லோடு எறக்க வந்தப்போ இந்தப் பேப்பர படிச்சேன். தெரிஞ்சத எழுதுன்னு போட்டுகீது. எழுதினேன் சார், மூணு வாட்டி. இந்தப் பொண்ணுதான் அண்ணன் படத்தத் தேடிக் காட்டி, தட்டிக் குடுத்துச்சு. அழிச்சிட்டாங்கோ."

கேசவனுக்குக் காது இரண்டும் சுட்டன.

"யாரோ மிலிட்டரிக்காரரு போலகீது சார். ஸ்டேஷனுக்குப் போன்னு எழுதிட்டாரு. வூட்ல பொம்பள ரெண்டு நாளா பயந்துகினு சோறே துன்னல. ஒரே பேஜாரு. அதான் கையோட எத்தாந்துட்டேன். நீயே பாரு சார்."

லுங்கியைப் பிரித்தார். கருப்பு பெயின்ட் உரிந்த மரத் துப்பாக்கி. போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் நாலங்குலத் தாழ்ப்பாள், துருப்பிடித்த இரண்டு ஸ்குரூவோடு. கேசவன் அதை அடையாளம் கண்டுகொண்டார். எத்தனை தடவை திரையில் பெரிதாக்கிப் பார்த்த தகடு!

"நடுவுல என்ன இது, தேய்ஞ்ச தடம்?" ஏதாவது கேட்டால்தான் நிற்க முடியும் போல இருந்தது.

"துணிக்கொடி சார். ஷூட்டிங் முடிஞ்சி போட்டுட்டுப் போய்ட்டாங்கோ. கொடி தாழ்ந்தா இத்ததான் முட்டுக் குடுப்போம். எங்கூரு படகு ஆசாரி செஞ்சது. போல்ட்டு எங்கடான்னு டைரக்டரு கத்தறாரு, ஆசாரி எங்க வூட்டுப் பின்கதவுலேர்ந்து கழட்டி வச்சிட்டாரு. ஒரு மாசம் எங்கம்மா கதவுக்குக் கல்ல முட்டுக் குடுத்துகினு திட்டிச்சு."

சரிதா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தியாவில் மாற்றிச் செய்யப்பட்ட அரிய ரகம். கேசவனும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

"அண்ணனுக்கு வாதம் சார், பேச்சு நின்னுபோச்சு. நல்லாருந்தப்போ சினிமால ஓடினேன், சினிமால ஓடினேன்னு சொல்லிகினே இருப்பான். படத்த யாரு பாத்தா? ஊர்ல ஒருத்தனும் நம்பல. பேரு வந்தா பிரிண்டு போட்டு அவன் கட்டிலுக்கு எதுர்ல ஒட்டலாம்னு. அவ்ளோதான். நீ அந்த மிலிட்டரிக்காரர்கிட்ட பேசறியா சார்?"

நான்தான் என்ற சொல் பல் வரைக்கும் வந்தது. சரிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசறேன்," என்றார் கேசவன். "அடுத்த ஞாயிறு வாங்க."

சரிதாவின் டிஜிட்டல் கேமராவில் துப்பாக்கியைப் படமெடுத்துக்கொண்டு, பிரிண்ட் எடுக்க வந்ததையே மறந்து வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தட்டினார். தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். மஹாலட்சுமி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கடைசியில் நின்றது இவ்வளவு: 'மரத் துப்பாக்கி. போல்ட், கதவுத் தாழ்ப்பாள். ஏந்தி ஓடுபவர் கோவளம் கோதண்டம். முன்பு இங்கே இருந்தது என் யூகம். நான் எந்தத் துப்பாக்கியாலும் சுட்டதில்லை. சரியாக எழுதியவரை அவமதித்துத் தடுத்தேன். மன்னிக்கவும். மேற்பார்வையை விட்டுவிடுகிறேன்.' இங்கிலீஷில் ஒன்று, கதிரேசன் படிக்கத் தமிழில் ஒன்று. கீழே 'ரைஃபிள்மேன்' என்று கையெழுத்து. பெயரைப் போட அப்போதும் கை வரவில்லை.

மறுநாளே அவரிடமிருந்து பொறுப்பை எடுத்துவிட்டார்கள். கனடாக்காரரும் நார்வேக்காரரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு கதிரேசன் பிரிண்டை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். "கோவளம் கோதண்டம்... வந்துடுச்சி! சரிதா, இங்க பாரு, வந்துடுச்சிம்மா!" நடுவில் இருந்ததைத் தாண்டிக் கடைசி வரிகளுக்குப் போனார். "அடேங்கப்பா, மன்னாப்பு வேற கேட்டுகீறாரு. இன்னா இருந்தாலும் மிலிட்டரிக்காரரு மிலிட்டரிக்காரருதான். பெரிய மனசு. நீ பேசினதாலதான சார்?"

சரிதா இருவருக்கும் டீ நீட்டினாள். வாயை மூடிக்கொண்டு அந்த டீயைக் குடித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"மிலிட்டரி இல்ல கதிரேசன். நான்தான் அது."

"இன்னாது?"

"அழிச்சது, எழுதினது எல்லாம் நான்தான்."

கதிரேசனின் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

"ஸ்டேஷனுக்குப் போன்னு?"

"நான்தான்."

"போன வாரம் இதே எடத்துல நின்னுகினு, பேசறேன்னியே சார்?"

கேசவன் டீயைப் பார்த்தார். எதையாவது சொல்லியாக வேண்டும் என்று, "என்.சி.சி.ல எனக்குக் குடுத்ததும் மரக்கட்டைதான்," என்றார்.

கதிரேசன் பிரிண்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பட்டனைப் போட்டார்.

"எங்கண்ணனும் கட்டையத்தான் புடிச்சான் சார். ஆனா கேட்டவங்களுக்கெல்லாம் கட்டைன்னுதான் சொன்னான்."

கதிரேசனின் டீ அப்படியே இருந்தது. வெளியே லாரி உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது.

சரிதா துணியை எடுத்து, தூசியே இல்லாத கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சரிதா, பேனா இருக்கா?"

"எதுக்கு சார்?" நிமிரவில்லை.

"அந்தப் பேப்பர்ல ஒரு வரி அடிக்கணும்."

மேஜைமேல் பேனாவை நகர்த்தி வைத்தாள். கேசவன் சுவரோடு ஒட்டி நின்று, தம் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'ரைஃபிள் சுட்டவர்' மீது கோடு போட்டார். செங்குத்துத் தாளில் பேனா பிடிக்கவில்லை. உதறி உதறி அழுத்தினார். தாள்தான் கிழிந்தது. எழுத்து தெரிந்துகொண்டே இருந்தது.