யார் பூசிய கிரீஸ்

அப்பா விட்டுப்போன பட்டறை அண்ணன், தங்கை இருவருக்கும் பொது. ஆனால் வாசலில் நின்று பேசுவது அண்ணன், வண்டிக்கு அடியில் படுப்பது தங்கை. யாரும் பேசி முடிவு செய்ததில்லை. நாளடைவில் அப்படி அமைந்துவிட்டது.

ஒரு காலை, நர்ஸ் ஒருத்தி பழைய காரோடு வந்தாள். கியர் மாற்றி மாற்றித் தோள்பட்டையே கழன்றுவிடும்போல் இருக்கிறதாம். தங்கை அடியில் புகுந்து பார்த்தாள். கியர் கம்பியை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் மூட்டுகள் எல்லாம் வறண்டு கிடந்தன. ஒவ்வொரு மூட்டிலும் வளையம்போல் ஒரு ரப்பர் புஷ்.

அவள் வெளியே வருவதற்குள் அண்ணன், சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸை டப்பாவிலிருந்து விரலால் வழித்துவிட்டான்.

“அண்ணா, அது வேணாம். அதுல இருக்கற எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிடும். சிலிக்கான் கிரீஸ்தான் இதுக்கு சரி. பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வந்துடறேன்.”

“கிரீஸ்னா கிரீஸ்தான். எனக்கே பாடம் எடுக்கறியா? தள்ளு.”

வாடிக்கையாளர் பார்க்கிறாளே என்ற வீம்பில் அவனே படுத்துப் பூசினான். கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. நர்ஸ் சிரித்த முகமாகக் கிளம்பினாள். அண்ணன் அன்று முழுக்கத் தங்கையை ஏளனமாகப் பார்த்தான்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நாற்சந்தி நடுவில் கியர் விழாமல் நின்றுபோனதாம். பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. நர்ஸின் வலது கையில் மாவுக்கட்டு. கூடவே அவள் கணவன், கோபத்தில் முகம் சிவந்து.

தங்கை அடியில் போய்ப் பார்த்தாள். புஷ்ஷெல்லாம் உப்பிக் கொழகொழத்து, ஒன்று மூட்டைவிட்டே நழுவியிருந்தது.

மேலே அண்ணனின் குரல் கேட்டது. “அன்னைக்கு என் தங்கச்சிதான் சார் கை வெச்சா. நான் பாத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

அவள் வெளியே வந்தாள். “நான் பூசல. வேணாம்னுதான் சொன்னேன்.”

“பயந்துட்டா சார், விடுங்க,” என்று அண்ணன் சிரித்தான்.

நர்ஸுக்காவது நினைவிருக்கும் என்று அவளைப் பார்த்தாள். நர்ஸ் வலியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவன்தான் பேசினான்: “தெரியாத வேலையில எதுக்கும்மா கை வெக்கறே? இன்னும் மூணு மாசம் இவளால ஊசி போட முடியாது, தெரியுமா?”

தங்கை போய்ப் புதுப் புஷ்ஷும் சிலிக்கான் கிரீஸும் வாங்கிவந்தாள். பழைய கிரீஸைத் துளி விடாமல் துடைத்தெடுத்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டினாள்.

அடுத்த வாரம் இன்னொரு காருக்கு அடியில் அவள் படுத்திருந்தபோது, அண்ணன் யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தான்: “ரப்பர் புஷ்னா சிலிக்கான் கிரீஸ்தான் சார். மத்தது பட்டா ஊதிடும். பல பேருக்கு இது தெரியறதில்ல.” பிறகு அவள் பக்கம் குனிந்து, “அந்த ட்யூபை எடும்மா,” என்றான்.

“இந்தாங்க முதலாளி,” என்று நீட்டினாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். தங்கைக்கு இப்போதுதான் மரியாதை தெரிந்திருக்கிறது என்று அவன் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.