ஆர்டர் செய்யாத பார்சல்

மும்பை தாராவியில் இருக்கிற மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வழி தெரியாமல் யாராவது சந்து முனையில் நின்றால் போதும், கையைப் பிடிக்காத குறையாக வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் ஒரு பிரியாணிப் பார்சல்காரரைப் பிரம்மநாயகத்தின் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். ஆர்டர் மகள் இசக்கிசெல்வியின் பெயரில். அவளோ எதுவும் ஆர்டர் செய்யவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பி முடிப்பதற்குள் பீட்சா வந்தது. அப்புறம் இன்னொரு பிரியாணி. மாப்பிள்ளை வீட்டாரா வருகிறார்கள், எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று எதிர்வீட்டு விஜயலட்சுமி கேலி பண்ணினாள். செல்வியும் சிரித்துச் சமாளித்தாள். கடைசியாக ஒரு கேக் வந்தது. அதற்கு மட்டும் பணம் முன்பே கட்டியிருந்தது. அம்மா மீனாட்சியம்மாள் ஆசையாகப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளைக் க்ரீமின் மேல் சிவப்பில் இந்தி எழுத்து. என்னட்டி எழுதியிருக்கு என்று கேட்டாள், பாவம். செல்வி சட்டென்று பெட்டியை மூடினாள். 'வீட்டைப் பார்த்துவிட்டோம்' என்று எழுதியிருந்தது.

கேக் கொண்டுவந்த நசீர் உடனே கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னார். ஆர்டர் கொடுத்தவன் வழியெல்லாம் போன் பண்ணினானாம். கதவு என்ன நிறம், வீட்டில் ஆம்பிளை இருக்கிறானா, அந்தப் பெண் எப்போது வேலைக்குக் கிளம்புவாள் என்று விசாரித்தானாம். தான் எதுவும் சொல்லவில்லை என்றும், அவனுடைய நம்பர் தன் போனில் இருக்கிறது, போலீசுக்குப் போனால் கூப்பிடுங்கள் என்றும் சொல்லி, தன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார். நசீர் சொல்லவில்லை, சரி. முன்னால் வந்தவர்களிடமும் அவன் கேட்டிருந்தால்? அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? செல்வி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள் இந்தப் பெண்? செம்பூரில் நாலைந்து பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனியில் படம் வரைகிறாள். அவர்களுடைய பழைய கேமில் கூரைக்குக் கூரை தாவுகிற கதாநாயகி அரைக்கால் டவுசரில் வெள்ளைவெளேரென்று இருந்தாள். புதிய கேமில் செல்வி அவளுக்குக் கறுத்த நிறம் கொடுத்து, பின்னல் போட்டு, சுடிதார் மாட்டிவிட்டாள். இதுக்காகவா என்று கேட்காதீர்கள். இதுக்காகத்தான். முன்னோட்டம் வந்த அன்றே இணையத்தில் முகம் தெரியாத சிலர் ஆரம்பித்தார்கள். அவள் முகத்தை வெட்டி ஆபாசப் படங்களில் ஒட்டினார்கள். வேலையை விடு, கேமிலிருந்து பெயரை எடு, இல்லாவிட்டால் தேடி வருவோம் என்று எழுதினார்கள்.

தேடவே அவசியமில்லாமல் கம்பெனியே வழி காட்டியிருந்தது. 'தாராவிப் பெண் செய்த கேம்' என்று விளம்பரத்துக்காக ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் சந்து முனைக் கோயில், நீலத் தண்ணீர் டிரம், பச்சைக் கதவு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

அன்றிலிருந்து அந்தப் பச்சைக் கதவு பட்டப்பகலிலும் சாத்தியே இருந்தது. புழுக்கத்தில் உள்ளே உட்கார முடியவில்லை. சந்தில் பைக் சத்தம் கேட்டால் தாயும் மகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் போனை எடுத்தால், தன்னைத்தான் படம் பிடிக்கிறானோ என்று செல்விக்கு வியர்த்தது. தோல் பை பட்டறையில் வேலை பார்க்கிற பிரம்மநாயகம் பாதி வேலையில் வீட்டுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "வேலைய விட்ரு ளா. நானே வந்து ஒங்க ஆபீஸ்ல சொல்லுதேன்" என்றார். கேம் வெளிவர அந்த வெள்ளிக்கிழமைதான் நாள். அதில் அவள் பெயர் முதல்முறையாக வரவிருந்தது.

கம்பெனியை நடத்துகிற ஆதர்ஷ் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுப் பையன். அதிர்ந்து பேசத் தெரியாது. மகளோடு ஆபீசுக்கு வந்த பிரம்மநாயகத்தை உட்காரவைத்து, டீ வரவழைத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீடியோவை எடுத்துவிடுவதாகச் சொன்னான். கேமிலிருந்து செல்வியின் பெயரையும் எடுத்துவிடலாம், அவள் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும், போலீசுக்குப் போனால் செய்தியாகி இன்னும் கிளறிவிடும் என்றான். பிரம்மநாயகத்துக்கு அதுவே நல்லதாகப் பட்டது. பெயர் போனால் போகிறது, பிள்ளை பத்திரமாக இருந்தால் சரி. ஆக, செல்வியை ஒரு வார்த்தை கேட்காமல் இருவரும் ஒத்துப்போனார்கள்.

போதாததற்கு ஆதர்ஷ் ஆறுதலும் சொன்னான். "கவலைப்படாதேங்கோ அங்கிள். போன வருஷம் ரஞ்சனாவுக்கும் இப்படித்தான் வந்துது. சத்தம் போடாம இந்த கேம்லேர்ந்து அவ பேரை எடுத்தோம். தானா அடங்கிடுத்து."

செல்வி நிமிர்ந்தாள். ரஞ்சனா அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவள். கல்யாணமாகி நவி மும்பை நெரூலுக்குப் போய்விட்டாள் என்றுதான் இவன் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். பயம் போகவில்லை, ஆனால் கோபம் அதை மிஞ்சிவிட்டது.

"அடங்கல ஆதர்ஷ். எடம் மாறி எங்க வாசலுக்கு வந்திருக்கு. அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, எங்க சந்துல வீடியோ எடுக்க விட்டிருப்பனா?"

பிறகு அப்பாவைப் பார்த்தாள். "வேலைய விடு, பேரை எடுன்னுதான் அவனுவ எழுதுதானுவ. நீங்க ரெண்டு பேரும் அதையேதாம்ப்பா சொல்லுதிய."

பிரம்மநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். மிரட்டுகிறவன் கேட்டதைத் தன் வாயாலேயே மகளிடம் கேட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு எழுந்து, எம்மவ பேரு இருக்கட்டும் தம்பி, நாம ஸ்டேஷனுக்குப் போவோம், நீங்களும் வாங்க என்றார்.

ஆதர்ஷ் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு ரஞ்சனாவைக் கூப்பிட்டான். செல்வி சம்பந்தமாக ஒரு விஷயம் பேச வேண்டும், நானே சொல்ல வேண்டும் என்று ஏதோ தொடங்கப் பார்த்தான். அவன் குரலைக் கேட்டதுமே அந்தப் பக்கத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப செல்விக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்கு அவனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. "நான் அவனுகளை அடக்கலை ரஞ்சனா. உன்னைத்தான் அடக்கி வெச்சேன்" என்றான். தானும் வந்து புகார் கொடுப்பதாக ரஞ்சனா சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

அன்றே போனார்கள். நசீரும் வந்து அந்த நம்பரைக் காட்டினார். புகார் எழுதியதோடு பயம் போய்விடவில்லை. யார் அவர்கள், எத்தனை பேர் என்று இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்த கேமில் இசக்கிசெல்வி, ரஞ்சனா என்று இரண்டு பெயர்களும் இருந்தன.

நடந்ததைச் சந்து முழுக்கச் சொல்லிவைத்தார் பிரம்மநாயகம். அடுத்த முறை ஒரு பார்சல் வந்தபோது சந்து முனையிலேயே விஜயலட்சுமி மறித்து, செல்விக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினாள். பொம்பளப் பிள்ளை சங்கதியை இப்படி ஊருக்கெல்லாம் சொல்லலாமா என்று யாரோ முனகினார்கள். பிரம்மநாயகம் விடவில்லை.

"சொல்லாம மறைச்சதாலதான்யா இந்தக் கதவு வரைக்கும் வந்தானுவ. இதுல வெக்கப்பட வேண்டியது எம்மவ இல்ல, மிரட்டுனவன்" என்று சொல்லிவிட்டு, சாத்திக் கிடந்த கதவைத் திறந்து வைத்தார்.