கரடி போட்ட போத்தல்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு அக்காவையும் தம்பியையும் பற்றிச் சொல்லப் போகிறேன், சின்னக் கதைதான்.

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சவப்பெட்டியில் கிடந்த தம்பியின் உதட்டில் வாய்க்கரிசியை வைத்தாள் சந்திரமதி.

“மம்மு சாப்பிடுடா தங்கம். அக்கா ஊட்டுறேன்ல.”

சிதம்பரத்துக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே கைகால் இழுக்கும், பேச்சு குழறும். அம்மா போன பிறகு அவனை வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். முந்தாநாள் மாரடைப்பு, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், “கடைசி வரைக்கும் குழந்தைதான், ஒண்ணும் தெரியாது” என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஓரமாக நின்ற இப்ராஹீம் மட்டும் தலையாட்டவில்லை. பொட்டலம் கட்டும் வேலையில் சிதம்பரத்தோடு பத்து வருஷம் இருந்தவன். அவனுக்கு ஒரு காது கேட்காது. கையிலிருந்த பையை நீட்டினான்.

“அண்ணன் லாக்கர்ல இருந்துச்சுக்கா.”

“அவனா உங்களுக்கு அண்ணன்?” அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“எங்க எல்லாருக்குமே அண்ணன்தான்கா. சூப்பர்வைசர் என்னைச் செவிடன்னு திட்டுனப்ப, எழுந்து நின்னு தட்டிக் கேட்டது அவருதான். குழறிக் குழறிக் கேட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. ஒருத்தரும் நகரல.” இப்ராஹீம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “உங்க மேல அவ்வளவு பாசம். ‘அக்காவுக்கு நான் இன்னும் மூணு வயசுதான் லா, விடு, அது சந்தோஷமா இருக்கட்டும்’பாரு.”

பாசத்தைச் சொல்வதாக நினைத்துத்தான் அவன் அதைச் சொன்னான்.

சந்திரமதி பைக்குள் பார்த்தாள். கரடிப் படம் போட்ட தண்ணீர் போத்தல், போன தீபாவளிக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை. பக்கத்தில் ஒரு கறுப்புப் போத்தல், பிடித்துப் பிடித்து நிறம் போயிருந்தது. மூடியில் கோணல் எழுத்தில், மு. சிதம்பரம்.

பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். தம்பியின் உதட்டோரம் ஒரு அரிசி ஒட்டியிருந்தது. துடைக்க முந்தானையை எடுத்தவளின் கை பாதியில் நின்றது.

கறுப்புப் போத்தலைத் தலைமாட்டு விளக்கின் பக்கத்தில், பெயர் தெரியும்படி வைத்தாள். கரடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. அங்கே ஒவ்வொருவரும் அவரவர் வயதோடு வாழட்டும்.