அறுபத்தோராவது சாவு

இருபத்தாறு வயதில் அவள் முதன்முதலாகத் திரையில் செத்தாள். மகனாக நடித்தவருக்கு அப்போது முப்பத்திரண்டு. கதாநாயகிக்குத் தோழியாக நிற்க வந்தவளை, அம்மா வேஷக்காரி வராமல் போன அன்று, டைரக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ குரல்ல கனம் இருக்கு. தலைல வெள்ளையைத் தடவுங்க" என்றார். தடவினார்கள். அந்த வெள்ளை பதினைந்து வருஷம் அவள் தலையை விட்டு இறங்கவில்லை.

காசநோயில் செத்தாள், வெள்ளத்தில் செத்தாள், மகனுக்கு வந்த குண்டைக் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டு செத்தாள். பாதிப் படத்துக்கு மேல் அவளை உயிரோடு விட்டுவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆனால் ஒரு சாவு மாதிரி இன்னொன்று இருக்காது. நோயில் போகிறவளின் மூச்சு எப்படி, அடிபட்டவளின் மூச்சு எப்படி என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்க் கேட்டுவந்தவள் அவள். ஸ்டூடியோவில் லைட் போடுகிறவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் 'அம்மா'தான்.

வீட்டில் அவளைப் பெற்றவளுக்குத்தான் பொறுக்கவில்லை. கொட்டகையில் பக்கத்து சீட்டில் மகள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே திரையைப் பார்த்து மூக்கைச் சிந்துவாள். "பெத்தவ கண்ணு முன்னாடி அறுபது தடவை செத்த மக, உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!"

அறுபத்தோராவது படத்தில் அவள் ஒரு தையல்காரி. ஊசி குத்திக் குத்தி விரல் மரத்துப்போக மகனை வளர்க்கிறாள். மகன் பெரிய ஆளாகிறான். விருந்துக்கு வந்தவர்கள் "யார் இந்த அம்மா?" என்று கேட்க, "வேலைக்காரி" என்று சொல்லிவிடுகிறான். அதைக் கேட்டவள் மாடிப்படியில் உருண்டு விழுந்து சாகிறாள். மகன் நாலு நிமிஷம் கதறி அழுது திருந்துகிறான்.

அந்தக் காட்சி எடுக்கிற அன்று காலை, மேக்கப் நாற்காலியில் வசனத்தாளைப் படித்தவள் எழுந்து நேராக செட்டுக்குப் போனாள். படிகளுக்கு அடியில் மெத்தை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டைரக்டர் சார், நான் சாகலை."

டைரக்டர் சிரித்தார். "இன்னிக்கு உடம்பு சரியில்லையாம்மா? நாளைக்குச் சாகலாம்."

"நாளைக்கும் சாகலை. மூணு மாசமா இவளா இருந்து துணி தைச்சிருக்கேன். எனக்கு இவளைத் தெரியும். இத்தனை பாடுபட்டவ, ஒரு வார்த்தைக்காகப் படியில உருளமாட்டா."

"நீங்க செத்தாத்தானேம்மா அவன் திருந்துவான்?"

"அவன் திருந்துறதுக்கு நான் ஏன் சார் சாகணும்?"

ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் சுத்தியலை இறக்கினார். மூலையில் பென்சிலும் கையுமாக இருந்த வசனகர்த்தா தலையைத் தூக்கவேயில்லை.

டைரக்டருக்கு முகம் சிவந்தது. "வேற ஆளைப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கத்தினார். கத்தியபிறகுதான், முக்கால் படம் இவளை வைத்து எடுத்தாயிற்று என்பது அவருக்கே நினைவு வந்தது.

கதாநாயகன் கவலையோடு வந்தார். அவருடைய கவலை வேறு. "அம்மா, என்னோட அழுகை போயிடுமே. அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் இந்தப் படத்துக்கே சம்மதிச்சேன்."

"போகாது தம்பி," என்றாள் தன்னைவிட ஆறு வயது மூத்தவரிடம். "பொணத்தைக் கட்டிக்கிட்டு யார் வேணும்னாலும் அழலாம். நான் சொல்றதை ஒரே ஒருதரம் செய்து பாருங்க. பிடிக்கலைன்னா உருண்டுடறேன்."

அவள் படியேறி நின்றாள். விருந்தாளிகள் முன்னால் கதாநாயகன் "வேலைக்காரி" என்றார். அவள் விழவில்லை. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தாள். மகனின் கோட்டில் பிரிந்து நின்ற நூலைப் பார்த்தாள். அதைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்தபிறகு, திரும்பிப் பார்க்காமல் சாதாரணமாகச் சொன்னாள்:

"கதவைச் சாத்திக்கோப்பா. காத்து வருது."

போய்விட்டாள்.

கதாநாயகன் கதவருகே வந்தார். கையை வைத்தார். சாத்த முடியவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது. வெறும் ஒத்திகைதான் என்று யாராவது சொல்வார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், யாரும் சொல்லவில்லை. டைரக்டர் மெல்லக் கேமராக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஓடவிட்டேன் சார்," என்றார் கேமராக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்தம்மா படி ஏறும்போதே ஓடவிட்டுட்டேன்."

"மெத்தையை எடுங்கப்பா," என்றார் டைரக்டர்.

படம் வெளியான மூன்றாம் நாள் மதியக் காட்சிக்கு, தாயைக் கூட்டிக்கொண்டு அவள் போனாள். சாகாத அம்மாவை ஜனங்கள் ஏற்பார்களா? அவள் படியிறங்கும் கட்டம் வந்தபோது, விழப்போகிறாள் என்று நினைத்துப் பின்வரிசையில் ஒருத்தி "ஐயோ" என்றாள். விழவில்லை என்று தெரிந்ததும் கொட்டகையே மூச்சைப் பிடித்தது. கதவைத் திறந்து அவள் வெளியே போனபோது பெண்கள் பக்கமிருந்து எழுந்த கைதட்டலில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

மூக்கைச் சிந்தக் கைக்குட்டையோடு தயாராக இருந்த தாய் அதை மடியிலேயே மறந்துவிட்டாள். "போடி, போ! அப்படித்தான் போகணும்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

வெளியே வரும்போது அறுபது வயதுக்காரி ஒருத்தி அவளை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எங்க போனீங்க அதுக்கப்புறம்? அதைக் காட்டவே இல்லையே?"

தன்னைவிட இருபது வயது பெரியவளுக்கு என்ன சொல்வதென்று அவள் ஒரு கணம் யோசித்தாள். செத்த அறுபது பேரையும் பற்றி இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"தனியா ஒரு தையல் கடை வச்சிருக்கேன்மா," என்றாள். "நல்லாப் போகுது."