கை வைக்கிற இடம்

பழைய அச்சகக் கொட்டகையில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து, தங்களுக்குத் தாங்களே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வாத்தியார் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. கடைசியாக வந்து சேர்ந்தவளுக்குப் பெயரே 'புதுசு' என்றாகிவிட்டது.

கல்லூரியை அவள் ஏன் விட்டாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பேராசிரியர் அவள் படத்தில் நாலு தீற்று தீற்றிவிட்டு, தன் பெயரைப் போட்டுக் கண்காட்சியில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து யார் தூரிகையோடு பக்கத்தில் வந்தாலும் அவள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள்.

கொட்டகையில் அவர்கள் வைக்கவிருந்த கண்காட்சிக்கு முந்தின நாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு.

"புதுசு படத்துல எப்போ கை வைக்கிறது?" பெயர்ப்பலகை எழுதும் அண்ணன் குரல்.

"அவசரப்படாதீங்க. முதல்ல அவ நம்மள நம்பட்டும்," என்றாள் களிமண்ணில் சிலை செய்யும் அக்கா.

அவ்வளவுதான். புதுசு தன் படத்தைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னடி, பிள்ளைய கடத்திட்டு வர்றவ மாதிரி வர்ற?" என்றாள் அண்ணி.

"கை வைக்கப் போறாங்களாம் அண்ணி."

"பர்ஸ்லயா?"

"படத்துல!"

"அட! திருடறவன் உனக்கு நம்பிக்கை வர்ற வரைக்குமா காத்திருப்பான்? போய் நேருக்கு நேர் கேளு."

காலையில் வெறுங்கையோடு போனாள். சுவர் நிறையப் படங்கள், நடுவில் மட்டும் காலி.

"உன் படம் எங்கம்மா?" என்றார் அண்ணன்.

"எதுக்கு, கை வைக்கவா?"

"ஆமா. பின்னே?"

மனுஷன் முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. அக்காதான் புரிந்துகொண்டாள்.

"ஐயோ, உனக்கு யாரும் சொல்லலையா? ஒருத்தர் படத்துல மத்தவங்களும் ஆளுக்கொரு கோடு போடுவோம். அதத்தான் இங்க கை வைக்கிறதுன்னு சொல்றது. வச்சவங்க பேரெல்லாம் படத்துக்குக் கீழ வரும்."

"முதல் பேர் யாரோடது?"

"வரைஞ்சவங்களோடது."

"எழுதறது யாரு?"

"நான்தான்," என்றார் அண்ணன்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்து சுவரில் மாட்டினாள்.

"முதல்ல என் பேரை எழுதுங்க. அது காயட்டும். அப்புறம் கை வைங்க."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கடைசி எழுத்து காயும்வரை மற்றவர்களின் தூரிகைகளையெல்லாம் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு, படத்தை மறைத்தபடி நின்றாள்.